ரோட்டிலிருந்து தெரிகிற மரம்

அன்புள்ள அண்ணி,

இன்று காலை தாம்பரம் மேம்பாலத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் கிறிஸ்துமஸ் மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். பெட்டியைப் பிரித்ததும் வருமே ஒரு வாசனை, புது மழைக்கோட்டும் மருந்துக்கடையும் கலந்த மாதிரி, அது மூக்கில் ஏறியது. "எத்தனை அடி வேணும் ஆன்ட்டி?" என்று கடைப்பெண் கேட்டாள். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த வாசனையில் நான் பாரிமுனைப் பக்கம் போய்விட்டிருந்தேன், உங்களோடு.

போன ஞாயிறு கோயிலில் ஒருவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார். "உங்க அண்ணி தவறின வருஷமாச்சே, இந்த வாட்டி வீட்ல மரம் கிரம் எதுவும் வைக்க மாட்டீங்கதானே?" மே மாதம்தான் உங்களை அடக்கம் செய்தோம். ஆனாலும் மரத்தை இன்று போய் வாங்கி வந்துவிட்டேன். கூடத்து ஜன்னலோரம் நிற்கிறது. இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் கை காட்டுவதற்கு நீங்கள் இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. சேலையூர் போகிற வழியில் அந்த ஓட்டு வீடு. நீங்கள், சின்னண்ணன், உங்கள் மகள் பியூலா, அப்பா அம்மா போனபிறகு உங்களோடு வந்து ஒட்டிக்கொண்ட நான். சின்னண்ணனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை, உங்களுக்கு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் பிறந்துவிட்டால் சின்னண்ணன் முடிச்சூர் ரோடு விறகுத் தொட்டிக்குப் போய், இலை உதிராத சவுக்கு நுனி ஒன்றைப் பேசி வைத்துவிட்டு வருவார். பண்டிகைக்கு முன் சைக்கிள் கேரியரில் அதைக் கட்டிக்கொண்டு வருவார். மண்ணெண்ணெய் டின்னில் மணலைப் போட்டு நட்டு, டின்னைச் சிவப்புக் காகிதத்தால் சுற்றுவது உங்கள் வேலை. புது வருஷம் பிறப்பதற்குள் மரம் பழுப்பாகிவிடும். கூட்டிப் பெருக்கி மாளாது. "சனியன், ஊசி ஊசியா கொட்டுது," என்று திட்டிக்கொண்டே பெருக்குவீர்கள். அவர் சிரிப்பார்.

அந்த வருடம் ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்து சின்னண்ணன் போய்விட்டார். பத்தியச் சாப்பாடு, கீழாநெல்லி, ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று. கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தவர் ஒரு மத்தியானம் தண்ணீர் கேட்டார். நீங்கள் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பியூலா எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்டாள். பால்காரர் மாடு சாகுமா, எங்கள் மிஸ் சாவாங்களா, லில்லி அத்தை, நீ சாவியா. நீங்கள் ஒவ்வொரு தடவையும் பொறுமையாக ஏதோ சொல்வீர்கள். பிறகு சமையலறைக்குள் போய்ச் சற்று நேரம் வெளியே வரமாட்டீர்கள்.

டிசம்பர் முதல் வாரம் செங்கல்பட்டிலிருந்து பெரியண்ணன் வந்தார். கெட்டவர் என்று அவரை என்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. தம்பி போனபிறகு தம்பி குடும்பம் தன் பொறுப்பு என்று நினைத்தார். பொறுப்பு என்றால் முடிவும் தன்னுடையது என்று நினைத்தார், அவ்வளவுதான். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"ஜனவரியோட இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்மா. எங்க வீட்ல பின்னாடி ரூம் இருக்கு. நீ வேலையை விட்டுடு. பியூலாவை அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கலாம். லில்லிக்கும் ஒரு இடம் பாத்துட்டேன்."

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

"அப்புறம், இந்த வருஷம் ஸ்டார், மரம் எதுவும் வேணாம். துக்க வீடு. சபையில நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

அவர் போனபிறகு, அவர் குடித்த டம்ளரைத் தேவைக்கு அதிகமாகவே தேய்த்துக் கழுவினீர்கள்.

அன்றைக்குப் பியூலாதான் ஆரம்பித்து வைத்தாள். "அப்பா இல்லாட்டியும் மரம் கொண்டு வருவீங்களாம்மா?" என்றாள். நீங்கள் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. "அதுவும் காஞ்சு போயிடும். அப்புறம் தூக்கிப் போட்டுடுவீங்க, இல்ல?"

அந்த வாரச் சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. ஆபீஸ் வாசலில் நீங்கள் நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். பியூலாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக ரயிலேறி வந்திருந்தீர்கள். ஓரம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்த வெள்ளைப் புடவை.

"லில்லி, பர்மா பஜார்ல பிளாஸ்டிக்ல மரம் விக்கிறாங்கன்னு சொன்னியே, எங்க?"

"எதுக்கு அண்ணி?"

"காயற எதையும் இந்த வருஷம் வீட்டுக்குள்ள கொண்டு வரமாட்டேன். ஆனா மரம் வைப்பேன்."

கடைக்காரர் எங்களுக்கு மூன்று மரங்களைக் காட்டினார். முதலாவது வெள்ளி நிறம். தகரத்தைச் சீவித் தொங்கவிட்டது போல மினுமினுத்தது. எனக்கு அதுதான் பிடித்தது. நீங்கள் ஒரு கிளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கு," என்று தள்ளி வைத்தீர்கள். இரண்டாவது, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைப் பச்சைச் சாயத்தில் முக்கியது போல இருந்தது. மேசையில் வைக்கலாம், அவ்வளவு உயரம்தான்.

"சின்ன வூட்டுக்கு இது போதும்மா. அடக்கமா கீது," என்றார் கடைக்காரர்.

"அடக்கமா வேணாம். ஜன்னல்ல வச்சா ரோட்டுலேருந்து தெரியணும்."

அவர் உள்ளே போய் நீளமான பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். ஹாங்காங் சரக்கு. பச்சைக் கம்பியில் பச்சை பிளாஸ்டிக் இலைகள். கிளைகளை ஒவ்வொன்றாகத் தண்டில் மாட்ட வேண்டும். "முழுசா மாட்டிக் காட்டுங்க," என்றீர்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நகத்தைச் சோதிப்பீர்களே, அதே கண்ணோடு ஒவ்வொரு கிளையையும் பார்த்தீர்கள். இலையைப் பிடித்து இழுத்தீர்கள். உதிரவில்லை. இன்னும் பலமாக இழுத்தீர்கள்.

"இன்னாமா இது, பிச்சிடுவ போலகீதே. எத்தினி வருசம் ஆனாலும் ஒன்னும் ஆவாதுமா. தொடச்சி தொடச்சி வைக்க வேண்டிதான்." பிறகு உங்கள் புடவையைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "சார் வரலியாமா?"

"அவர் ஆகஸ்ட்ல தவறிட்டாரு."

கடைக்காரர் கை கிளையிலேயே நின்றுவிட்டது. "எங்க ஆளுங்கள்ல ஒரு வருசம் எதுவும் செய்யமாட்டோம்மா," என்றார் தயங்கித் தயங்கி.

"எங்க ஆளுங்களும் செய்ய மாட்டாங்க. கட்டிக் குடுங்க," என்றீர்கள்.

பீச் ஸ்டேஷனில் ரயிலேறி, பெட்டியை இருவர் மடியிலும் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காலிக் கூடையோடு ஏறிய மீன்காரம்மா ஒருவர் எங்கள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மாம்பலம் தாண்டும்வரை பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தவர், அதற்கு மேல் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா கீது உள்ள?"

"மரம்," என்றீர்கள்.

"மரமா? பொட்டிக்குள்ளயா?"

"பிளாஸ்டிக் மரம்."

"தோ, ரயிலுக்கு ரெண்டு பக்கமும் மரமா நிக்குது. துட்டு குடுத்துப் பொய் மரம் வாங்கினு போறியே, இன்னாமா நீ."

நீங்கள் சிரித்தீர்கள் அண்ணி. ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவையாக. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். என்ன ஏது என்று தெரியாமலே அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார். பல்லாவரம் வருவதற்குள் அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன், மீன்காரம்மா உங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கோயில் விட்டு வந்து மரத்தை நிறுத்தினோம். எந்தக் கிளை எங்கே என்பதற்கு நுனியில் வைத்திருந்த வண்ணப்புள்ளிகள் பாதி அழிந்திருந்தன. பியூலா மாட்டிய கிளைகளை நீங்கள் திருத்தவில்லை. அதனால் மரம் ஒரு பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அவள் ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இது காயுமாம்மா?"

"காயாது."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

சாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை அதற்குப் பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். அது மரத்தால்தான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நீங்களும் சொன்னதில்லை.

ரோட்டிலிருந்து தெரிய வேண்டும் என்றீர்கள், நன்றாகவே தெரிந்தது. சபையில் பேசத் தொடங்கினார்கள். புருஷன் போன வருஷமே ஃபாரின் மரம் கேட்கிறது என்றார்கள். செய்தி செங்கல்பட்டுக்கும் போயிற்று. வீடு வீடாகப் பாடிக்கொண்டு வரும் கேரல் குழு எங்கள் தெருவுக்கு வரவிருந்த சாயங்காலம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், பெரியண்ணன் வந்து நின்றார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"என்னம்மா இது? துக்க வீட்ல இது என்ன வேஷம்?"

நீங்கள் பியூலாவின் தலையை வாரிக்கொண்டிருந்தீர்கள். பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டுத்தான் எழுந்தீர்கள்.

"துக்கம் எங்களுக்குத்தானே அத்தான். அதை எப்படி வச்சுக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

"பாட்டுக்காரங்க வர்ற நேரம். அவங்க கண்ணுல படறதுக்குள்ள எடுத்து உள்ள வைக்கலாம்." அவர் மரத்தின் தண்டைப் பிடித்தார்.

"கைய எடுங்க அத்தான்."

சத்தமாகச் சொல்லவில்லை நீங்கள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டிய அளவு, அவ்வளவுதான். பெரியண்ணன் கையை எடுத்துவிட்டார். எடுத்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"அடுத்த மாசம் காலி பண்ணப் போற வீட்டுக்கு..."

"காலி பண்ணல. வேலையையும் விடல. பியூலா இங்கயே படிப்பா."

அவர் என் பக்கம் திரும்பினார். "லில்லி, நீயாவது சொல்லு. செத்தது உன் கூடப்பொறந்தவன்."

ஆமாம், என் கூடப் பிறந்தவன். அந்த மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் சைக்கிள் கேரியர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன். "நானும் இங்கதான் இருப்பேண்ணா. அண்ணியோட."

அப்போதுதான் தெருவில் டிரம் சத்தம் கேட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எங்கள் வீட்டுக் கேட் வரை வந்து நின்றது. டிரம் ஓய்ந்தது. துக்க வீட்டில் பாடுவதில்லை என்பது வழக்கம். ஆனால் ஜன்னலில் மரம் நிற்கிறது. குழுத் தலைவர் தயங்குவது தெரிந்தது. "அடுத்த வீட்டுக்குப் போகலாம்பா," என்று மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

நீங்கள் கதவை அகலத் திறந்துகொண்டு வாசலில் போய் நின்றீர்கள்.

"ஏன் நின்னுட்டீங்க? போன வருஷம் வரைக்கும் உங்களோட நின்னு பாடினவர் வீடு இது. பாடாம போவீங்களா?"

தலைவர் ஹார்மோனியக்காரரைப் பார்த்தார். பாடினார்கள் அண்ணி. சின்னண்ணனின் அடிக்குரல் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, அது எல்லாருக்கும் கேட்டது. நீங்கள் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நின்றீர்கள். பியூலா உங்கள் புடவைக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு டிரம்மையே பார்த்தாள். பெரியண்ணன் பின்வாசல் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கேக் சாப்பிடாமல் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடிக்கப் போனார்.

ஜனவரியில் அவர் வரவில்லை. பிறகு வந்தபோது வீட்டைப் பற்றிப் பேசவில்லை. எழுபதுகளில் கிறிஸ்துமஸுக்கு வந்தபோதெல்லாம் மரத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நீங்களும் அவருக்கு வசதியாக நாற்காலியை அப்படியே போட்டு வைப்பீர்கள். அதில் ஒரு சின்னக் கேலி இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக மரியாதையும் இருந்தது. அந்த மரம் பியூலாவின் கல்யாணம் வரை நின்றது. கடைசியில் பாதிக் கிளைகளைக் காணோம்.

பெரியண்ணன் எனக்குப் பார்த்து வைத்திருந்த அந்த இடம், மரம் வாங்கியதற்கு அடுத்த வருடம் வீட்டுக்கே வந்தது. மாப்பிள்ளையின் அக்கா கூடத்தில் உட்கார்ந்திருக்க, நான் சமையலறையில் காரணங்களை அடுக்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை, வயசு, தூரம் என்று. நீங்கள் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டபடியே சொன்னீர்கள்.

"காரணம் சொல்லாத லில்லி. சொன்னா அதுக்குப் பதில் வச்சிருப்பாங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு பஜ்ஜியக் குடு."

அப்படியே செய்தேன். பிறகு எனக்குப் பிடித்தவரை எனக்குப் பிடித்த நேரத்தில் கட்டிக்கொண்டேன். அவர் போய், நீங்களும் நானும் மறுபடி ஒரே வீட்டில் கிழவிகளாக இருந்தோம். இப்போது நான் மட்டும்.

நேற்று சபையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தனியாக இருக்கிறேனாம். வண்டலூர் தாண்டி ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம், நல்ல காற்றாம், ஜெப அறையும் உண்டாம். பியூலாவும் கோயம்புத்தூரிலிருந்து போனில், "வந்துடுங்க அத்தை," என்கிறாள். அவர்கள் அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

"வேண்டாம்," என்றேன்.

அவர்கள் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். நான் எழுந்து போய்க் காபி கலந்து எடுத்து வந்தேன்.

அன்புடன்,
லில்லி