மலைக்கு அனுப்பாத சேதி

சின்ன காஞ்சிபுரம்
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி வரதனுக்கு அம்மாவின் ஆசிகள்.

மலையிலிருந்து இறங்கி சிக்னல் கிடைத்ததும் உன் போனில் என்னென்னவோ வந்து குவியும். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவை மட்டும் இப்போது திறக்காதே, முதலில் இதைப் படி. போனில் தட்டிப் பார்த்தேன். தட்டுவதும் அழிப்பதுமாகவே இருந்தேன். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். மேலே 'ஸ்ரீ' போடவில்லை, கவனித்திருப்பாய். துக்கச் சேதிக்கு அதைப் போடுவதில்லை.

பெரியப்பா போய்விட்டார். நீ மேலே ஏறிய மறுநாள் காலை, பெருமாளுக்குத் தளிகை அமுது செய்வித்துவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரொம்பக் கஷ்டப்படவில்லை. அன்று விடிந்ததும்கூட என்னிடம், "வரது மேல ஏறிட்டானோ? புலியைப் பார்த்துட்டானாமா?" என்று கேட்டார். பனிச்சிறுத்தை என்று திருத்தினேன். "எல்லாம் ஒரே ஜாதிதான், போ" என்று சிரித்தார்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். உன்னை மலைக்குக் கூட்டிப்போகிறவர்களின் லே ஆபீஸ் நம்பரை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாயே, உடனே அங்கே கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த ஹிந்தி இதற்கா உதவ வேண்டும்! போனை எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினான். ஆள் அனுப்பினால் மத்தியானத்துக்குள் உனக்குத் தகவல் வந்துவிடுமாம், ராத்திரிக்குள் உன்னை லேவுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை விமானத்தில் ஏற்றிவிடுவார்களாம். பெரியம்மாவும் ஐஸ் பெட்டி வைத்துக் காத்திருக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அனுப்பட்டுமா என்று அவன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன்.

உள்ளே வந்ததும் பெரியம்மா, "வரது கிளம்பிட்டானா?" என்று கேட்டாள். "சொல்லிட்டேன் மன்னி, அவனால வரமுடியாதாம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்னது நான்தான்.

ஏன் என்று கேட்பாய். சிக்னல் இருந்த கடைசி ஊரிலிருந்து அனுப்பினாயே ஒரு வாய்ஸ் மெசேஜ், அதுதான். உறைந்த ஆற்றின் மேல் நடந்தது, மலைச் சரிவில் நீல ஆடுகள் கூட்டமாக நின்றது, அந்தச் சிறுத்தை பாறையோடு பாறையாகப் படுத்திருக்கும், வால் அசைந்தால்தான் தெரியும் என்று வழிகாட்டி சொன்னது, எல்லாம் சொல்லிவிட்டுச் சிரித்தாய். ப்ரியங்கா விவாகரத்து வாங்கிக்கொண்டு போன பிறகு அப்படி நீ சிரித்து நான் கேட்கவே இல்லை. அப்பா காலமான வருஷம் ஒருமுறை டிக்கெட்டை ரத்து செய்தாய், பெரியப்பா இடுப்பை உடைத்துக்கொண்டபோது மறுமுறை. மூன்றாவது முறையும் உன்னைப் பாதி மலையிலிருந்து இழுத்து வர எனக்கு மனசு வரவில்லை. பெரியப்பா சிரித்ததையே சம்மதம் என்று வைத்துக்கொண்டேன். அவர் சம்மதம் ஒன்றும் சொல்லவில்லை, வரது. பார்த்துவிட்டானா என்று கேட்டார், அவ்வளவுதான்.

பிள்ளையில்லாத மனுஷன். அப்பாவும் இல்லாத நிலையில் கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. கூரத்துத் தாயாதி பாலாஜி வந்து சட்டியைத் தூக்கினான். எல்லாருக்கும் உன்மேல் கோபம். பெரியம்மா வந்தவர்களிடமெல்லாம், "கருட சேவைக்குத் தோள்ல தூக்கிண்டு போய்க் காட்டினாரே, அந்தப் பிள்ளைக்கு இன்னிக்குப் புலி பெரிசாப் போயிடுத்து" என்கிறாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நேற்றிலிருந்து அவள் உன் பேரை எடுப்பதையே விட்டுவிட்டாள். அதற்கு அவள் திட்டிக்கொண்டிருந்ததே தேவலை என்று இருக்கிறது.

உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன் பேரைக் கெடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன் கடமையையும் பிடுங்கிக்கொண்டேன். இதை அனுப்பிய கையோடு பெரியம்மாவிடம் போய் உள்ளதைச் சொல்லப் போகிறேன். வீட்டில் தாயாதிகள் கூடியிருக்கிறார்கள், எல்லார் காதிலும் விழட்டும். அவள் என்னோடு பேசாமல் போகலாம். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அதை எப்படித் தாங்கப் போகிறேனோ, தெரியவில்லை. ஆனால் நீ வாசலில் வந்து நிற்கும்போது உன் முகத்தை அவள் பார்க்காமல் திரும்பக் கூடாது.

கர்மாவைத் தொடங்கிய பாலாஜிதான் முடிக்க வேண்டும், அதை இனி மாற்ற முடியாது. பத்தாம் நாள் பங்காளிகள் எல்லாரும் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். அதற்காவது வந்துவிடு. என்மேல் கோபமாக இருந்தாலும் வா. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்கு உன் கையால் ஒரு வாய் தண்ணீர் கிடைக்க வேண்டும்.

கேட்க எனக்கு வாயில்லைதான், இருந்தாலும் கேட்கிறேன். அந்தச் சிறுத்தையைப் பார்த்தாயா?

சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு என்பார்கள். இதைப் படித்த நிமிஷத்திலிருந்து உனக்கும் தீட்டு. உடனே தலைக்குக் குளிக்க வேண்டும், அதுவும் பச்சைத் தண்ணீரில். அந்தக் குளிரில் அது வேண்டாம் கண்ணா. வெந்நீர் கேட்டு வாங்கிக் குளி, ஈரம் போகத் தலையைத் துவட்டு. அதில் தோஷம் ஏதாவது இருந்தால் அதுவும் என்னையே சேரட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா