எட்டாம் சுற்றுப் பெடியன்

நேற்று எங்கள் வேலையிடத்துச் சமையலறையில் பழைய பிரிட்ஜை மாற்றினார்கள். வந்த ஆட்கள் இருவரும் அதைச் சுவரிலிருந்து இழுத்தபோது, பின்னாலிருந்து ஒரு சின்னக் காலுறையும், காந்தம் ஒட்டிய பிளாஸ்டிக் வாழைப்பழம் ஒன்றும், நாலாக மடித்த ஒரு தாளும் விழுந்தன. அவர்களில் ஒருவர் தாளைப் பிரித்து, மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, சாமான் வாங்கும் பட்டியலா என்று கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். உமது கையெழுத்து.

"கல்கரிப் பெடியன்: தோள் பரவாயில்லை, கழுத்து இல்லை, அது நல்லது. ஒட்டாவாப் பெடியன்: படத்துக்குச் சிரிக்கிறான், வேண்டாம். வின்னிபெக்: வலது முழங்காலில் சந்தேகம், தாய் நேர்ஸ், சமாளிக்கலாம்."

சாமான் பட்டியல்தான் என்று சொன்னேன். வேறு எதைச் சொல்ல? இது ஒரு தமிழ்ச் சமையற்காரி எழுதிய காற்பந்து ஆரூடம் என்று விளக்கப் போனால், அவர்கள் புதுப் பிரிட்ஜைப் பொருத்தாமலே போயிருப்பார்கள்.

நீர் போய் மூன்று வருடமாகிறது. உம்மிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் முதலிலிருந்தே தொடங்கவேண்டும்.

ரொக்ஸ்பரோவில் கார்டெரி என்கிற எங்கள் பிள்ளைகள் காப்பகத்தின் அறுபது பிள்ளைகளுக்கும் நாம் இருவரும் சமைத்துக்கொண்டிருந்தோம். உமக்கு அடுப்பு, எனக்கு வெட்டுப்பலகை. ஒருநாள் பின்னேரம் ஒரு பிள்ளையின் தகப்பன் சமையலறை வாசலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு வந்து நின்றார். கையில் மகளின் இளஞ்சிவப்புப் பை, அவருடைய உள்ளங்கையில் தீப்பெட்டி போல இருந்தது. மகள் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாளா என்று கேட்கத்தான் வந்தவர். நீர் அதற்குப் பதில் சொல்லாமல், அவருக்கு என்ன வேலை என்று உமது அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டீர். இந்த நகரத்து அணியில் காற்பந்து விளையாடுகிறேன் என்றார். நிறையக் கோல் போடுவீர்களா என்று கேட்டீர்.

"நான் பந்தைத் தொடுவதே இல்லை, மடாம்" என்றார் அவர். "முன்வரிசையில் நிற்பேன். பந்து வைத்திருப்பவனிடம் யாரும் போகவிடாமல் மறிப்பேன். அவ்வளவுதான்."

அவர் போனபின் நீர் அகப்பையோடு அப்படியே நின்றீர். "கேட்டனீரே? பந்தைத் தொடாமலே ஒரு விளையாட்டு! எங்களைப் போல ஆக்கள், என்ன?"

அடுத்த மாதமே மலையடிவாரத்து மைதானத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர். காற்பந்து என்று பெயரே தவிர, கால் எப்போதாவதுதான் படுகிறது. பந்தும் முட்டை வடிவம். நான் உருளைக்கிழங்குப் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டு மலையைப் பார்த்தேன். நீரோ பந்து போன பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. முன்னுக்கு நின்ற ஐந்து தடியர்களும் விழுவதையும் எழும்புவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்து, முடிவில், "வென்றது ஆர்?" என்று என்னைக் கேட்டீர்.

பிறகுதான் ட்ராஃப்ட் என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தீர். வசந்தம் வந்ததும் அணிகள் எல்லாம் பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பெடியன்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிவுசெய்யும். எட்டுச் சுற்று. நல்லவர்கள் முதலில் போய்விடுவார்கள். எங்கள் அணி யார் யாரை எடுக்கும் என்று ரசிகர்கள் முன்கூட்டியே பட்டியல் போடுவார்கள். இதற்குப் பிரெஞ்சில் 'ரெபெஷாஜ்' என்று பெயர் என்றும், அதற்குள் மீன்பிடிக்கிற சொல் இருக்கிறது என்றும் பிள்ளைகளைப் பார்க்கும் மிரெய் சொன்னாள். "மீன் வாங்கிறதெண்டால் எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை" என்றீர் நீர்.

ஆனால் நீர் மீன் வாங்குவது போல அல்ல, மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான் பார்த்தீர். படத்தைப் பெருப்பித்துக் காதைப் பார்த்தீர். தாய் தகப்பன் யார், எத்தனை சகோதரம், என்ன சாப்பிடுகிறான் என்று தேடினீர். பந்தோடு ஓடுகிறவன், பந்தை எறிகிறவன் எவனும் உமது பட்டியலில் இல்லை. எல்லாம் முன்வரிசைத் தடியர்கள். மிரெய் தொலைக்காட்சி நிபுணர்களைக் கேட்டுத் தன் பட்டியலைப் போடுவாள். இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டுவீர்கள். தோற்றவர் ஒரு கிழமை கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்யவேண்டும். மே மாதத்தில், கொதிக்கிற சூப் பானைக்கு முன்னால், ஆறு வருடமும் அந்தத் தொப்பி உமது தலையில்தான் இருந்தது.

"ஒருக்காலாவது அந்த நிபுணர்மார் சொல்லுறதைக் கேளுமன்" என்றேன்.

"அவையள் எல்லாருக்கும் தெரிஞ்சவனைத்தானே சொல்லுவினம்? அதுக்கு நான் எதுக்கு?" என்றீர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

ஏழாம் வருடம் ரிமூஸ்கிப் பெடியன் வந்தான். இலையுதிர்காலத்தில் ஒரு பல்கலைக்கழக ஆட்டத்தில் அவனைக் கண்டோம். மழை. பக்கத்தில் நின்றவனுக்குக் கை முழுக்கக் கட்டு. சப்பாத்து நாடா அவிழ்ந்து கிடந்தது. இந்த மலை போன்ற பெடியன் சேற்றில் முழங்காலை ஊன்றி அதைக் கட்டிவிட்டு, எழும்பிய கையோடு எதிரே வந்த இருவரை மல்லாத்தினான். நீர் என் தொடையில் ஓங்கி அடித்தீர். அந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. நிபுணர்கள் எவரின் பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. "எட்டாம் சுற்று. எங்கட அணிதான். எழுதி வையும்" என்றீர்.

மாரி முடியுமுன் உமக்கு உடம்பில் வருத்தம் என்று தெரியவந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. ட்ராஃப்ட் வந்தபோது நீர் ஆஸ்பத்திரியில் இருந்தீர்; நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசித் திரையைப் பார்த்தால் தலை சுற்றியது. "நீர் பாத்திட்டு வந்து சொல்லும்" என்று என்னை அனுப்பினீர்.

நான் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன், மிரெய் தொலைபேசியில். எட்டாம் சுற்றில் எங்கள் அணி பந்து உதைக்கிற ஒருவனை எடுத்தது. வேறு எந்த அணியும் ரிமூஸ்கிப் பெடியனை எடுக்கவில்லை. மிரெய் தேவாலயத்துச் சாமான்கள் மூன்றின் பெயரை வரிசையாகச் சொன்னாள். இந்த ஊரில் அதுதான் தூஷணம்.

விடிந்ததும் வந்தேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்வதாகத்தான் இருந்தேன். உள்ளே வந்தேன்; நீர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினீர்.

"எடுத்தவையோ?"

"ஓம்" என்றேன்.

"எத்தினையாம் சுற்று?"

"எட்டு."

"நான் சொன்னனானெல்லே!"

இதுதான் நான் சொல்லாமல் விட்டது. கோபித்தால் கோபியும். உமது முகத்தைப் பார்த்த எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீர் எழும்பி உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில் கிழவியிடம் "மோன் கார்! மோன் கார்!" என்று, எங்கட பெடியன் என்று, கத்தினீர். உமக்குப் பேரன் பிறந்துவிட்டான் என்று நினைத்து அந்த அம்மா கைதட்டி, என்ன நிறை என்று கேட்டா. நூற்று முப்பத்தைந்து கிலோ என்றீர். அவ நேர்ஸைக் கூப்பிட மணியை அமத்தினா. அன்று நீர் அரைக் கோப்பை கஞ்சி குடித்தீர்.

ஒரு பொய் சொன்னால் போதும் என்று நினைத்தேன். அடுத்த நாளே "பெடியன்ரை புதினம் என்ன?" என்று கேட்டீர். பயிற்சி தொடங்கிவிட்டது, நேற்று அவன் பந்தோடு ஓடிக் கோல் போட்டான் என்று சொல்லிவிட்டேன்.

"என்ன கதை கதைக்கிறீர்? முன்வரிசையிலை நிக்கிறவன் ஏன் பந்தைத் தூக்கினவன்? கலைச்சு விடப்போகினம் அவனை!"

அன்று பின்னேரம் முழுவதும் அவனுக்கு அறிவில்லை என்று கவலைப்பட்டீர். அதன்பிறகு தினமும் பாத்திரம் கழுவும்போது மிரெய் எனக்குப் பாடம் எடுத்தாள். முன்வரிசையில் யார் எங்கே நிற்பான், எதைப் பிடிக்கலாம், எதைப் பிடித்தால் குற்றம் என்றெல்லாம் பாடமாக்கினேன். ஏழு வருடம் உம்மோடு மைதானத்துக்கு வந்து படிக்காததை ஒரு கிழமையில் படித்தேன், உமக்குப் பொய் சொல்வதற்காக.

பிறகுதான் நீர் அவனுக்குக் கடிதம் எழுத வெளிக்கிட்டீர். நீர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். "தம்பி, எட்டாம் சுற்றெண்டு வெக்கப்படாதை. உன்னை எடுப்பினம் எண்டு எனக்கு முதலே தெரியும். முழங்காலைக் கவனி. பந்து எங்கை போகுதெண்டு பாக்காதை." பிறகு போடுகிறேன் என்று உறையை என் கைப்பைக்குள் வைக்கப்போனேன். அந்த நல்ல நேர்ஸ், தபால்பெட்டி தன் வழியில்தான் இருக்கிறது என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போய்விட்டா. எந்த அணியும் எடுக்காத ஒரு பெடியனுக்கு, எடுத்ததற்கு வாழ்த்துக் கடிதம் போகிறது! அவன் படித்த பல்கலைக்கழகத்து முகவரிக்கே அன்றே மிரெய் இன்னொரு கடிதம் அனுப்பினாள். நடந்தது எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டு, தன் தொலைபேசி எண்ணையும் எழுதினாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவன் ஆஸ்பத்திரி நடையில் நின்றான். லவாலில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு வந்த இடத்தில் வந்தேன் என்றான். இரண்டு கடிதங்களும் கையில் இருந்தன.

"நான் எந்தக் கடிதத்துக்குப் பதில் சொல்லவேண்டும்?" என்று கேட்டான்.

"இங்கே வெளியில் இரண்டாவதுக்கு. உள்ளே போனால் முதலாவதுக்கு" என்றாள் மிரெய்.

அவன் தலையாட்டினான். கதவுக்குக் குனிந்து உள்ளே வந்தான். உமக்கு நினைவிருக்கும், அந்த அறையில் பிறகு வேறு எவருக்கும் இடமிருக்கவில்லை. நீர் வணக்கம் சொல்லவில்லை. "முழங்காலைக் காட்டு" என்றீர். மிரெய் மொழிபெயர்த்தாள், அவன் காற்சட்டையை மடித்துக் காட்டினான். திரும்பி நிற்கச் சொன்னீர், நின்றான். பிறகு "மாஞ்ச், மாஞ்ச்" என்று, உமது கணவர் உமக்காகக் கொண்டுவந்திருந்த இடியப்பம் முழுவதையும் அவனைச் சாப்பிட வைத்தீர். சொதிக்குக் கண் கலங்கினாலும் அவன் விடவில்லை.

"எட்டாம் சுற்றெண்டு யோசிக்கிறியோ?" என்று கேட்டீர். "என்னையும் ஏழு மாப்பிள்ளைப் பகுதி வந்து பாத்திட்டு வேண்டாமெண்டு போனவை. எட்டாவதா வந்தவர் இந்த மனுசன். என்ன குறைஞ்சு போனன்?"

மூலையில் நின்ற உமது கணவர், "நான் முதல் முதலாப் பாத்தது இவவைத்தான்" என்றார் மெதுவாக.

மிரெய் இரண்டையும் சொன்னாள். பெடியன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம் மடாம், எட்டாம் சுற்று" என்றான்.

வெளியே வந்ததும் நடையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தான். கதிரை அழுதது, அவனும் அழுதான். திங்கட்கிழமை மாமனோடு கூரை போடும் வேலைக்குப் போவதாக இருந்ததாம். போகுமுன் எங்கள் அணியிடம் ஒருதரம் தானே இடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். கேட்டான். பயிற்சி முகாமில் யாருக்கோ கால் பிசகியிருந்த நேரம். எங்கள் அணி அவனைக் கூப்பிட்டது. மிரெய் இந்தப் புதினத்தைச் சொன்னபோது எனக்கு உம்மிடம் ஓடிவரவேண்டும் போலிருந்தது. வந்து என்ன சொல்வது? அவன் முகாமில் நிற்பதாகத்தானே நான் ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு உமது தலையை வாரிவிட்டேன்.

நீர் போன காலையில் அவன் முகாமில் நின்றான். அன்று நான் உமக்குச் சொன்னது பொய்யல்ல. அதற்கு நாலு நாள் கழித்து அவனை அனுப்பிவிட்டார்கள். இப்போது ரிமூஸ்கியில் கூரை போடுகிறான். ட்ராஃப்ட் வரும்போது மிரெய்க்குத் தொலைபேசி எடுத்துத் தன் ஆரூடத்தைச் சொல்கிறான். அவனும் உம்மைப் போலத்தான், ஒன்றும் சரிவருவதில்லை.

போன கிழமை இந்த வருடத்து ட்ராஃப்ட். அது தொடங்குமுன் அவன் அழைத்தபோது மிரெய் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டாள். யாரைச் சொல்கிறீர்கள் என்று என்னைக் கேட்டான். இதுவரை நான் ஒருவரையும் சொன்னதில்லை. நோவா ஸ்கோஷியாவில் ஒரு பெடியன், இடது காது கொஞ்சம் மடிந்தவன், அவன் பெயரைச் சொன்னேன். எட்டுச் சுற்றும் முடிந்தது. அவனை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை மேசையில் ரொட்டியைத் தொடாமல் இருந்த என்னைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார்.

"என்னப்பா, ஊரிலை ஆரும் செத்துப் போச்சினமோ?"

"எங்கட பெடியனை ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றேன்.

எந்தப் பெடியன் என்று அவர் கேட்கவில்லை. தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, அடுத்த வருசம் எடுப்பினம்தானே?" என்றார்.

அடுத்த வருடம் என்று ஒன்று இதில் கிடையாது, அவனுக்குப் படிப்பு முடிந்துவிட்டது என்று அவருக்கு விளக்கத் தொடங்கினேன். முன்வரிசை என்றால் என்ன, காதை ஏன் பார்க்கவேண்டும் என்று விளக்கி முடிக்கையில் தேத்தண்ணி ஆறியிருந்தது. இருவருக்கும் வேலைக்குப் பிந்திவிட்டது.