முள் ஐயாயிரத்து ஐந்நூறைத் தொடும்வரை

இஞ்சரும்,

இன்று காலை உமது காரைத் துப்புரவாக்கினேன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துடைத்தபோது ஒரு தைலப் போத்தல் அகப்பட்டது. அடியில் ஒரு சொட்டு மட்டும் மிச்சம். மூடியைத் திறந்ததும் கார் முழுக்க அந்த மணம். வீட்டில் தைலம் மணந்தால் அது என்னுடைய முழங்காலில் பூசியது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உமக்கென்று ஒரு போத்தல் இருந்தது எனக்குத் தெரியாது. துடைக்கிற துணியும் கையுமாக உமது இருக்கையிலேயே நெடுநேரம் இருந்துவிட்டேன்.

காரை விற்கிறேன், கோபிக்க வேண்டாம். கியர் காரில் நாலு தரம் சோதனைக்குப் போய், நாலு தரமும் தவறி, கடைசியில் ஆட்டோமேட்டிக் லைசன்ஸ் எடுத்த வீரன் நான். இதை ஓட்ட எனக்குச் சட்டமும் இடம்கொடாது, காலும் இடம்கொடாது. ஒன்பது மாதமாகக் குட்மேய்ஸில் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. காலையில் யன்னல் திரையை விலக்கினால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நீர் கராஜ் ஒன்றின் முன்மேசையில் பதினொரு வருடம் இருந்தவர். மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டே கார் படித்தவர். நானோ பக்கத்து இருக்கையில் இருந்து கத்துவதற்கென்றே பிறந்த புருசன். ஞாயிற்றுக்கிழமைகளில் டூட்டிங்கில் உமது தங்கை வீட்டுக்குப் புறப்படுவோம். ஸ்லிப் ரோட்டால் நோர்த் சேர்குலர் பெருந்தெருவுக்குள் ஏறுகிற இடத்தில் தவறாமல் சண்டை தொடங்கும். எஞ்சின் இரைந்ததும் நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, "கியரை மாத்தும், மாத்தும், எஞ்சின் வெடிக்கப் போகுது" என்பேன்.

"இஞ்சருங்கோ, சத்தத்தை விட்டிட்டு, எஞ்சின் சுத்துறதைக் காட்டிற முள்ளைப் பாருங்கோ. இரண்டாயிரத்துக்குக் கீழை இது நித்திரை. அதைத் தாண்டினாத்தான் டர்போ முழிச்சு இழுக்கத் தொடங்கும்."

"அப்ப சிவப்புக் கோடு வரைக்கும் போகப் போறீரோ?"

"அது சும்மா வீறாப்பு. ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேலை சத்தம்தான், இழுவை இல்லை. அதிலை மாத்தினா, அடுத்த கியரிலை முள் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழை வந்து நிக்கும். டர்போ முழிப்பாவே இருக்கும், உடனை பிடிச்சு இழுக்கும். மாத்தினாப் பிறகு முள் எங்கை நிக்குது எண்டதுதான் விசயம்."

இதையே தங்கை வீட்டு மேசையில் இடியப்பத்துக்கு நடுவிலும் விளக்குவீர். எனக்கு விளங்காமல் இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

போன வருடம் சித்திரைக்குப் பிறகு சண்டை நின்றுபோனது. முள் இரண்டாயிரத்தைத் தொடுவதற்கு முன்னமே நீர் கியரை மாற்றத் தொடங்கினீர். டர்போ முழிக்கவே இல்லை. கார் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது, பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். எனக்கோ பரம திருப்தி.

"இப்பதான் மனிசர் மாதிரி ஓடுறீர். இவ்வளவு வருசம் கத்தினதுக்குப் பலன் கிடைச்சிட்டுது" என்றேன். உமது தங்கைக்கும் போன் எடுத்து, நான் வென்றுவிட்டேன் என்று சொன்னேன். நீர் சிரித்தீர். "ஓம், உங்கடை ஆசைப்படிதான்" என்றீர்.

ஆடியில் வைத்தியர் முதுகெலும்பு ஸ்கானில் கட்டியைப் பார்த்துவிட்டு, எவ்வளவு நாளாக நோகிறது என்று கேட்டார். "கொஞ்ச நாளாத்தான்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் இருந்து பேசிப் பழகிய வாய். நீர் என்னைப் பார்க்காமல், சித்திரையில் இருந்து என்றீர். கார் இழுக்கும்போது முதுகு இருக்கையில் அழுந்தும், அந்த நோவு தாங்க முடியாது, அதனால்தான் மெதுவாக ஓட்டுகிறேன் என்றீர். நான் வென்ற சண்டை அதுதான் என்று அந்த அறையில்தான் எனக்கு விளங்கியது.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?" என்று வார்ட்டில் கேட்டேன்.

"நீங்கள் சந்தோசமா இருந்தியள். அதை ஏன் குழப்ப வேணும் எண்டு விட்டிட்டன்."

சித்திரையிலேயே வைத்தியரிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் வரவில்லை. ஆவணி முடியமுன் நீர் போய்விட்டீர்.

போன கிழமை காரைப் பார்க்க ஒரு பெண் வந்தார். மதுரைப் பக்கம், இல்ஃபோர்டில் கணினி வேலை. ஒரு நாள் காப்புறுதி எடுத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். நான் என் பழைய இடத்தில் இருந்தேன். ஸ்லிப் ரோட்டில், முள் ஆயிரத்து எண்ணூறில் நிற்கும்போதே இரண்டாம் கியரில் இருந்து மூன்றுக்கு மாற்றினார்.

"பிள்ளை, உங்களுக்கு முதுகு ஏதும் நோகுதோ?"

"இல்லையே அங்கிள். ஏன் கேக்கறீங்க?"

"முள் ஏற முன்னமே மாத்திறியள்."

"பழக்கமில்லாத வண்டி. சத்தம் கேட்டா பயமா இருக்கு, அதான்."

அடுத்த சந்தியில் பெருந்தெருவை விட்டு இறங்கி, சுற்றிவந்து, திரும்ப ஏறினோம். இந்த முறை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூவாயிரம். நாலாயிரம். அவருடைய கை கியருக்குப் போனது. "இன்னும் இல்லை, பொறுங்கோ" என்றேன். உமக்கு ஒரு நாளும் சொல்லாத சொல். முள் ஐயாயிரத்து ஐந்நூறைத் தொட்டது. "இப்ப."

கியர் விழுந்தது. முள் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது, நீர் சொன்ன அதே இடம். கார் உடனே பிடித்து இழுத்தது. என் முதுகு இருக்கையோடு அழுந்தியது. இப்படி அழுந்தும்போதுதானே உமக்கு நொந்திருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"சூப்பரா சொல்லிக் குடுக்கறீங்க அங்கிள். ரொம்ப வருஷமா இத ஓட்டறீங்களா?"

"இல்லைப் பிள்ளை. ஓடினது என்ரை மனிசி. நான் பக்கத்திலை இருந்தனான்."

சனிக்கிழமை வந்து காரை எடுத்துக்கொண்டு போவார். தைலப் போத்தலை நான் வைத்துக்கொண்டேன், சட்டைப் பையில் இருக்கிறது. இப்போதெல்லாம் எவர் வந்தாலும் "எங்கையும் நோகுதோ" என்றுதான் கதையைத் தொடங்குகிறேனாம், உமது தங்கை குறைப்படுகிறார். உண்மைதான். அதிலும், இவ்வளவு நாளும் என்னோடு மல்லுக்கட்டிய ஒருவர் திடீரென்று என் சொல்லைக் கேட்கத் தொடங்கினால், அவரிடம் அதைக் கட்டாயம் கேட்கிறேன்.