செவ்வரத்தை தானாய் முளைக்காது

ஸ்டோவ்னர், ஒஸ்லோ
24 மே 2025

அன்பு மகள் மேரினுக்கு,

இது இரண்டாவது கடிதம். முதலாவது உனக்கு வந்து சேரேல்லை எண்டு கோவியாதை, அது எனக்கு வந்து சேர்ந்தது. உறையின்ரை நடுவிலை என்ரை விலாசத்தை வடிவாய்ப் பெரிசா எழுதி, உன்ரையை மூலையிலை பொடியா எழுதிப் போட்டிட்டன். நாலாம் நாள் தபால்பெட்டிக்குள்ளை கடிதம் கிடக்க, அட, இந்தக் காலத்திலையும் எனக்கு ஒருத்தர் கடிதம் எழுதுறாரே எண்டு படியிலை நிண்டபடியே உடைச்சன். கையெழுத்தும் எங்கையோ கண்டதாய்க் கிடந்தது. "நேரத்துக்குச் சாப்பிடு மகள்" எண்ட இடத்திலைதான் சந்தேகம் வந்தது. அம்மா சிரிச்ச சிரிப்பு கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஓ.எல். சோதினையிலை கோட்டை விட்டவனைக் கடிதம் எழுத வைச்சால் இப்படித்தான். போனும் இன்ரநெற்றும் எடுபடாத தீவிலை போய் வேலை எடுத்தது நீதானே.

போன கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை, ஹவுகெட்டோவிலை இருக்கிற சச்சி அண்ணையைக் கண்டனான். "மகள் அமெரிக்காவிலை என்ன செய்யிறா?" எண்டார். மிச்சிகன் எண்ட மாநிலம், கடல்மாதிரி ஒரு ஏரி, நடுவிலை தீவு, தீவு முழுக்கத் தேசியப் பூங்கா, அங்கை கிடக்கிற பழைய மரவீடுகளை மகள் பாதுகாக்கிறா எண்டன். "ஆக்கள் இருக்கிற வீடோ?" எண்டு கேட்டார். மகளைக் கேட்டுச் சொல்லுறன் எண்டன். எழுது.

அம்மா சுகம். மன்னாரிலை என்ரை தங்கச்சி, உன்ரை புஷ்பராணி மாமியும் சுகம். முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை.

அன்பு அப்பா,
அருட்செல்வம்
(கையெழுத்து எங்கையோ கண்டதாய்க் கிடந்தால் நான்தான்.)


தீவு
12 யூன் 2025

அன்புள்ள அப்பா,

வாரம் ஒரு படகு. அதிலை உங்கடை கடிதம் வந்தது. மூன்று தரம் வாசிச்சன், மூன்று தரமும் சிரிச்சன்.

சச்சி மாமாவுக்குச் சொல்லுங்கோ: ஒரே ஒரு வீட்டிலைதான் ஆள் இருக்கிறா. இந்தக் கரையில் ஏழு வீடு. கட்டினது ஆர் தெரியுமோ? நூறு வருசத்துக்கு முதல் மீன்பிடிக்க வந்த நோர்வேக்காரர். பிறகு அரசாங்கம் தீவைப் பூங்காவாக்கி, நிலத்தை எடுத்துக்கொண்டு ஒரு கடதாசி குடுத்தது. அதிலை பெயர் உள்ளவர்கள் சாகும்வரை இருக்கலாம். பிறகு வீடு பூங்காவுக்கு. இப்ப மிஞ்சியிருக்கிற பெயர் ஒண்டுதான். யூலியா, வயசு எண்பத்தெட்டு.

நான் முதல்நாள் நோர்வே மொழியில், நோர்ஸ்க்கில், வணக்கம் சொல்ல, ஆர் கதைக்கிறது எண்டு எனக்குப் பின்னாலை எட்டிப் பார்த்தா. பிறகு, "உன்ரை நோர்ஸ்க் பட்டணத்து நோர்ஸ்க், மீன் மணமே இல்லை" எண்டா.

என்ரை வேலை ஒவ்வொரு வீட்டுக்கும் அறிக்கை எழுதுறது. வைச்சிருக்கலாம், அல்லது விடலாம். எங்களிட்டை இருக்கிற தச்சர்மாருக்கு மூன்று வீடுதான் பார்க்கேலும். விடுறதெண்டால் கூரையைத் திருத்தமாட்டினம். காடு மெல்ல மெல்ல எடுத்திடும்.

யூலியா ஒவ்வொரு நாளும் கேக்கிறா: "என்ரை வீட்டுக்கு என்ன எழுதினாய்?"

இன்னும் எழுதேல்லை எண்டுதான் சொல்லுறன்.

உங்கள் மகள்,
மேரின்


ஸ்டோவ்னர்
29 யூன் 2025

அன்பு மகளுக்கு,

அந்த மனிசிக்கு ஏதும் நல்லதாய் எழுதன் பிள்ளை. எனக்கு உன்ரை வேலை விளங்காது. இந்த மாடிக்கட்டடத்திலை பல்ப் மாத்துறதும் பனி வழிக்கிறதும்தான் என்ரை உத்தியோகம். இஞ்சை ஒண்டு பழுதானால் புதுசு போட்டிடுவம், அறிக்கை கிறிக்கை ஒண்டும் இல்லை.

ஒரு விசயம், சச்சி அண்ணைக்காகக் கேக்கிறன். அவருக்கு மன்னார்ப் பக்கம் ஒரு காணி இருக்காம். சண்டையிலை சனம் எழும்பிப் போய் இருபது வருசத்துக்கு மேலை. இப்ப அங்கை எல்லைக்கல் நட்டு, இது காடு, பூங்காவுக்குச் சேரப்போகுது எண்டு சொல்லுகினமாம். "வீடு இருந்ததுக்கு அத்தாட்சி காட்டு" எண்டு கேக்கிறாராம் ஒரு அதிகாரி. காணி உறுதி இடம்பெயரேக்கை துலைஞ்சுது. கூரை, கதவு, யன்னல் ஒண்டும் இல்லை. கிணத்தையும் மூடிப்போட்டாங்கள். எங்கடை (இதை வெட்டி வாசி) அவரின்ரை தங்கச்சிதான் அரசாங்கக் கந்தோருக்கு அலையிறா, அவவுக்கும் முழங்கால் வருத்தம்.

வீடில்லாத இடத்திலை வீடிருந்ததை நீங்கள் படிச்ச ஆக்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறனியள்? அவர் பாவம், நித்திரை கொள்ளுறாரில்லை.

அன்பு அப்பா


தீவு
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அப்பா,

சச்சி மாமாவிடம் சொல்லுங்கோ, காட்டில் தானாய் முளைக்காததைத் தேடச் சொல்லி. சுவர் போனாலும் நட்ட செடி நிற்கும். யூலியாவின் வீட்டுக்குப் பின்னாலை ஊதாப்பூப் பூக்கிற சிரீன் செடி இருக்கு, எங்கடை ஸ்டோவ்னர் பஸ் தரிப்பிலையும் நிக்குமே, அதுதான். இந்தத் தீவில் அது தானாய் வராது. ஒரு கல்லுக்கூட மிஞ்சாத இடத்திலும் சிரீன் பூத்தால், இங்கே ஒரு வீடு இருந்தது எண்டு நாங்கள் வரைபடத்தில் குறிப்பம்.

அப்பா, யூலியா செத்துப்போனா. போன கிழமை மூச்சுமுட்டி, படகிலை அக்கரைக்குக் கொண்டுபோனவை. வியாழக்கிழமை முடிஞ்சுது. படகிலை ஏத்தேக்கையும் கையைப் பிடிச்சு, "என்ன எழுதினாய்?" எண்டு கேட்டா. இன்னும் எழுதேல்லை எண்டன். பொய். முதல்நாளே எழுதி, கையெழுத்தும் வைச்சிட்டன். அடிமரம் எல்லாம் உக்கல். இரண்டு தரம் அளந்தன், மாறேல்லை. திருத்த எடுத்த மூன்று வீடும் அதைவிட நல்ல நிலை. "விடலாம்" எண்டு எழுதினன்.

வெளியிலிருந்து வந்த செடிகளைக் கிளப்பவேணும் எண்டு பூங்காவில் ஒரு விதி. நாளைக்கு அந்தச் சிரீனை வேரோடை தோண்டப்போறம். மண்வெட்டி என்ரை கையிலை.

மாதக் கடைசியிலை அக்கரைக்குப் போவன். போன் எடுக்கிறன்.

மேரின்


ஸ்டோவ்னர்
7 செப்டெம்பர் 2025

அன்பு மகள் மேரினுக்கு,

போன ஞாயிறு போனிலை அழுதாய். "அப்பா, நானும் அந்த அதிகாரி மாதிரித்தானே?" எண்டு கேட்டாய். இல்லைப் பிள்ளை, நீ இரண்டு தரம் அளந்தனி, அவர் வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை எண்டன். அது உண்மை. பிறகு, "சச்சி மாமாவுக்குக் காணி கிடைச்சுதோ?" எண்டாய். ஓம், கிடைச்சுது, நீ சொன்ன செடிக்கதையாலைதான் கிடைச்சுது எண்டன். நீ மூக்கைச் சீறிப்போட்டு, "அப்ப சரி" எண்டாய். பக்கத்திலை நிண்ட அம்மா என்னைப் பார்த்தா. பிறகு குசினிக்குள்ளை போனா.

நடந்தது இதுதான். புஷ்பராணி மாமி முழங்காலையும் தடியையும் இழுத்துக்கொண்டு முள்ளுப்பத்தைக்குள்ளை போனவ. நீ சொன்னமாதிரியே, சிவப்பாய்ப் பூத்துக்கொண்டு நிண்டதாம் ஒரு செவ்வரத்தை. பூவைப் பிடுங்கிக்கொண்டு கந்தோருக்குப் போக, "பறவை போட்ட விதையாய் இருக்கும் அம்மா" எண்டாராம் அதிகாரி. உன்ரை மாமியோ விடுவா? "ஐயா, செவ்வரத்தை தடி நட்டால்தான் வரும். எந்தக் குருவி ஐயா தடி நட்டது?" கந்தோர் முழுக்கச் சிரிப்பாம். அவரும் சிரிச்சவராம். சிரிச்சுக்கொண்டே எழுதினாராம்: காடு.

அடுத்த கிழமை எல்லைப் பாதை வெட்ட மெசின் வந்தது. செவ்வரத்தை பாதையிலை நிண்டுது.

சச்சி அண்ணைக்கு மன்னாரிலை ஒரு சாண் நிலமும் இல்லை. அவர் பாவம், தன்ரை பெயரிலை இவ்வளவு நடந்ததே தெரியாமல் திரியிறார்.

உறையின்ரை நடுவிலை என்ரை விலாசத்தை வடிவாய்ப் பெரிசா எழுதியிருக்கிறன். இந்தமுறை பிழையாய் இல்லை. நாலாம் நாள் இது எனக்கு வந்து சேரும். நீ அந்த மண்வெட்டியைத் தூக்கினது போதும், இதையும் தூக்கவேண்டாம்.

போனிலை சொல்லாமல் விட்டதிலை இன்னும் ஒண்டு கிடக்கு. அந்தச் செவ்வரத்தைத் தடியை நட்டது நான், மகள்.