எடையைக் குறைக்கச் சொன்ன சேதி

அன்பு மகளுக்கு உன் சித்தி எழுதறது. ஆண்டவன் கருணையில நானும் உன் சித்தப்பாவும் நல்லா இருக்கோம், எப்பவும் போல கைப்பழக்கத்துல எழுதலை கண்ணு, இந்தத் தடவை நிஜமாவே நல்லா இருக்கோம், அதைச் சொல்லத்தான் பேனாவைத் தொட்டேன். நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியா இருப்பேன்னு நம்பறேன். போன் இருக்கறப்ப சித்தி ஏன் மெனக்கெட்டுக் காகிதத்தைத் தேடறான்னு நினைப்பே. நீ கூப்பிட்டா உன் சித்தப்பா ஸ்பீக்கரைப் போட்டுட்டு பக்கத்துலயே நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துடறார், அவர் காதுல விழக்கூடாத ஒரு சங்கதி இருக்கு, அதனாலதான் எட்டாவதோட நின்ன இந்தக் கையால கடிதம். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையாப் படி. முதல்ல ஒரு மன்னிப்பு. நடுவுல மூணு நாலு வாரம் நீ சித்தப்பாவைக் கேக்கறப்பெல்லாம் குளிக்கறார், தூங்கறார், தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேனே, அத்தனையும் பொய். சாமிகிட்ட அன்னன்னைக்கே ஒத்துக்கிட்டேன், உன்கிட்டதான் பாக்கி.

உனக்கே தெரியும், ஆறு மாசத்துக்கு முன்னாடி அவருக்கு ஸ்கூல் வேன்லயே மயக்கம் வந்தது. கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, வண்டியை கேட்டுக்குள்ள நிறுத்தி, சாவியைத் திருப்பினதுக்கப்புறம்தான் ஸ்டியரிங் மேல சாய்ஞ்சார். அந்த அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன ஆகியிருந்தா என்னாகியிருக்கும்னு நினைச்சு இப்பவும் ராத்திரியில எழுந்து உக்காந்துக்கறேன். ஸ்கூல்ல டாக்டர் கையெழுத்தோட வந்தா வேலை அப்படியே இருக்குன்னு மரியாதையாத்தான் சொன்னாங்க. டாக்டரம்மாதான் கையெழுத்துப் போடலை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் போட்டி போட்டுக்கிட்டு ஏறுது, பத்துப் பதினஞ்சு கிலோ இறக்கிட்டு வாங்க, அதுவரைக்கும் எந்த வண்டியையும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. இவர் என்ன பண்ணினார், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, அந்தம்மாவுக்கு என்ன தெரியும், முப்பது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன் நான்னு சொல்லி சுவரைப் பார்த்து உக்காந்தவர்தான். நான் பத்தியமா ஆக்கி வச்சா தட்டைத் தள்ளிட்டு, தெருமுனைக் கடையில பொரிச்சதையும் சர்க்கரை போட்ட டீயையும் முடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு வருவார், கார் கொட்டகைக்குப் பின்னால ஒரு சிகரெட்டும் பிடிச்சுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிப்பார். நான் சொன்னா எரிஞ்சு விழுந்தார். அழுதா எழுந்து போயிட்டார். காலையில வேன் வர்ற நேரத்துக்கு மட்டும் ஜன்னல்கிட்ட போய் நின்னு, வேற ஆள் ஓட்டிக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு வந்து உக்காருவார், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கலை.

அப்பதான் ஊருக்கு வெளியில பழைய விமானத் திடல்ல கார்ப் பந்தயம்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அதுல ஸ்டாக் கார்னு ஒரு பிரிவு. எனக்கு ஸ்டாக்குன்னா கடையில அடுக்கி வைக்கற சரக்குதான், சரக்கு ஏத்திக்கிட்டு ஓட்டணுமான்னு கேட்டேன், நாலு மாசத்துல முதல் தடவையா அன்னைக்குத்தான் சிரிச்சார். கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கற சாதாரண வண்டிங்களுக்கு அதுன்னு பேராம், பெரிசா எதையும் மாத்தக்கூடாதாம், ஒவ்வொரு வண்டியா தனியா விட்டு கடிகாரத்துல நேரம் பார்ப்பாங்களாம். ரெண்டு மாசம் இருக்கு, அதுக்கும் டாக்டர் கையெழுத்து வேணும். வாங்கிடலாம்னு சொல்லிக்கிட்டே, நீ காலேஜுக்கு ஓட்டிட்டுப் போவியே அந்தப் பழைய காரை கொட்டகையில இருந்து தள்ளி வெளியில விட்டார். ஸ்டார்ட் பண்றதே கழுதை கனைக்கற மாதிரி இருந்தது. கையில காசு கொஞ்சம்தான், அதை எதுல போடறதுன்னு ஒரு வாரம் யோசிச்சார். அவரோட கூட்டாளி வெல்டர் இருக்காரே, வாய்ப்பந்தல், அவரும் அதே பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தார், தினம் வந்து உக்காந்துக்கிட்டு சைலன்சரை அறுத்துவிடு, பட்டை பட்டையா ஸ்டிக்கர் ஒட்டு, வண்டி பறக்கும்னு ஓதுவார். சத்தம் போட்டா வேகம்னா உங்க நண்பர்தான் ஊர்லயே முதல்ல வரணும்னு நான் உள்ள இருந்தே சொன்னேன், உன் சித்தப்பா கேக்காத மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டார், தோள் மட்டும் குலுங்குச்சு. கடைசியில இருந்த காசைப் பிரேக்குக்கும், ஒரு டாக்ஸிக்காரர் கழட்டி வச்சிருந்த பாதி தேய்ஞ்ச நாலு டயருக்கும் போட்டார். நிக்கற வண்டியைத்தான் தைரியமா விரட்ட முடியும்னார். பிளக்கு மாத்தினார், ஏர் பில்டரை என் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால தட்டித் தட்டிச் சுத்தம் பண்ணினார், அதுக்கு மேல காசு இல்லை.

அந்த சமயத்துலதான் நீ போன் பண்ணினே, வேகம் கூட்ட வழி உண்டான்னு அவர் உன்கிட்ட கேக்கச் சொல்லியிருந்ததைக் கேட்டேன். அவர் வண்டிக்கு அடியில படுத்துக்கிடந்தார், நான் அடுப்புல பாலை வச்சுட்டு நின்னேன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கு. எடையைக் குறைக்கச் சொல்லுங்க சித்தி, காசு செலவில்லாம வேகம் கூடணும்னா அதான் வழி, பத்துப் பதினஞ்சு கிலோ குறைஞ்சாலே நல்லாத் தெரியும், இருக்கறதுல வேண்டாததையெல்லாம் ஒழிச்சுக்கட்டச் சொல்லுங்கன்னே. எனக்கு உடம்பு புல்லரிச்சுப் போச்சு. டாக்டரம்மா சொன்ன அதே கணக்கு, பத்துப் பதினஞ்சு! கடவுளே என் பிள்ளை வாயில வந்து பேசறார்னு நினைச்சேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சது, அதைக்கூடத் துடைக்கலை, நேரா கொட்டகைக்குப் போய், உங்க பொண்ணு எடையைக் குறைக்கச் சொல்றா, பத்துப் பதினஞ்சு கிலோ, அப்பதான் வேகமாப் போக முடியுமாம், உங்க வயிறு ஸ்டியரிங்குல இடிக்குதில்லன்னு ஒரே மூச்சுல சொன்னேன். மனுஷன் கையில ஸ்பானரோட எழுந்து நின்னார். என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், குனிஞ்சு தன் தொப்பையைப் பார்த்தார். அவளா சொன்னான்னு கேட்டார். சாமி சத்தியமா அவதான்னேன். முந்தானையில கண்ணைத் துடைச்சுக்கிட்டேன் போல, எனக்கே தெரியாது. ஸ்பானரைக் கீழ வச்சுட்டு, சரி குறைச்சுடுவோம்னார்.

மறுநாள் காலையில நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடி ஆள் இல்லை. நடந்துட்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். தட்டுல பாதிச் சோறு போதும்னார். டீயில சர்க்கரை வேண்டாம்னார், நான் டம்ளரை நழுவவிடப் பார்த்தேன். நான் இத்தனை வருஷமா கும்பிட்டுக் கேட்டது நடக்கலை, நீ ஒரு வார்த்தை சொன்னே நடந்துடுச்சு. பெத்தது அக்காவா இருந்தாலும் வளர்த்த கை என் கைன்னு அன்னைக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது, கடவுள் மன்னிக்கட்டும். கர்வம் எத்தனை நாளைக்கு, மூணாவது வாரம் நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கறப்ப நீ கூப்பிட்டு, எவ்வளவு குறைஞ்சிருக்கு சித்தின்னே. நான் பெருமையா அஞ்சு கிலோன்னேன். அஞ்சுதானா, பின் சீட்டு ஒண்ணே அதைவிடக் கனமாச்சே, அதை இன்னும் கழட்டலையான்னு நீ கேட்டே பாரு, என் கையில இருந்த ஈரத்துணி அப்படியே தெருவுல விழுந்துடுச்சு. கண்ணு, நீ சொன்னது காரோட எடையைன்னு அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சது. நான் யாரோ கதவைத் தட்டறாங்கன்னு சொல்லி போனை வச்சுட்டேன். யாரும் தட்டலை, என் நெஞ்சுதான் தட்டுச்சு.

இப்ப சொல்லு, நான் என்ன பண்ணுவேன். உண்மையைச் சொன்னா மனுஷன் அப்படியான்னு கேட்டுட்டு நேரா தெருமுனைக் கடைக்குப் போயிடுவார். சொல்லாம இருந்தா சாமி பேர்ல சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவளாயிடுவேன். விளக்கு முன்னாடி உக்காந்து, தெரியாம சொன்னது பொய்யாகாது இல்லையான்னு கேட்டேன், பதில் வரலை, அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். நீயும் அவரும் பேசினா குட்டு உடைஞ்சிடும், அதனாலதான் உன் சித்தப்பா அத்தனை குளியல் குளிச்சார். கார் குறையுதா கூடுதான்னு நான் எட்டிக்கூடப் பார்க்கலை. என் கண்ணெல்லாம் அவரோட பெல்ட்டு மேலதான், ஒவ்வொரு ஓட்டையா உள்ள போயிட்டே இருந்தது, கடைசியில ஆணியை வச்சுப் புது ஓட்டை போட்டார்.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னாடி டாக்டரம்மாகிட்ட போனோம். மெஷின்ல ஏறச் சொன்னாங்க, பன்னெண்டு கிலோ இறங்கியிருந்தது. மெஷின் கெட்டுப்போச்சோன்னு சந்தேகப்பட்டு அந்தம்மா தானே ஏறி நின்னு பார்த்தாங்க. ரத்தக்கொதிப்பு அடங்கியிருந்தது, சர்க்கரையும் சொன்ன இடத்துக்கு வந்திருந்தது. ஒண்ணுக்கு ரெண்டா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க, பந்தயத்துக்கு ஒண்ணு, ஸ்கூலுக்கு ஒண்ணு. வெளியில வந்து அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில வச்சார், எடுத்தார், மறுபடி வச்சார். பந்தயத்தன்னைக்கு நான் கயித்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு வேண்டிக்கிட்டே இருந்தேன். அதுக்கு முன்னாடி அவர் காரைத் திறந்து காட்டினப்ப பின் சீட்டு இல்லை, ஸ்டெப்னி இல்லை, ரேடியோ இல்லை, அதெல்லாம் எங்கேன்னு கேட்டதுக்கு, எல்லாரும் கழட்டறாங்க, நானும் நேத்துதான் கழட்டினேன்னார். மூணு சுத்து. இன்ஜின் சத்தம் நின்னதும் ஐயோ நின்னுபோச்சேன்னு கண்ணைத் திறந்தேன், முடிச்சுட்டு வந்துதான் நிறுத்தியிருக்கார். கையெழுத்து கிடைச்ச மறுநாள் திடல்ல ஒத்திகை பார்த்ததைவிட ஒன்பது செகண்டு குறைவாம். இருபத்திரண்டு பேர்ல ஏழாவது. வாய்ப்பந்தல் பதினெட்டாவது, அதுவும் வளைவுல சைலன்சர் கழண்டு விழுந்துடுச்சு, அவர் வர்றது ஊருக்கே தெரிஞ்சது. உன் சித்தப்பா இறங்கி வந்து ஹெல்மெட்டை என் கையில கொடுத்துட்டு தண்ணி கேட்டார். முப்பது வயசு ஆம்பளை மாதிரி இருந்தார், எழுதவே வெக்கமா இருக்கு.

திங்கட்கிழமை வேனை எடுத்துட்டார். பிள்ளைங்க இளைச்சுட்டீங்க அங்கிள்னு கத்துச்சுங்களாம். இப்ப ஜன்னல்கிட்ட நிக்கறது நான்தான், வேன் திரும்பறப்ப ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போறார். சரி, ஸ்பீக்கருக்கு ஆகாத சங்கதிக்கு வர்றேன். நேத்து அவர் வேலைக்குப் போனதும் கொட்டகையில பழைய பக்கெட்டைத் தேடினேன். மூலையில பழைய போர்வைக்கு அடியில உன் கார் பின் சீட்டு இருந்தது. அதுக்கு மேல ஒரு சின்னப் பொட்டலம், பிரிச்சா சீட்டோட போல்ட்டுங்க, கூடவே நீ தொலைச்சுட்டேன்னு வீட்டையே ரெண்டாக்கினியே அந்தப் பச்சை கிளிப்பு, சீட்டுக்கு அடியில கிடந்திருக்கும் போல. கட்டியிருந்த காகிதம் நான் தினம் காலண்டர்ல கிழிச்சு அன்னைக்கே குப்பையில போடற தேதித்தாள். தேதியைப் பார்த்தேன். பந்தயத்துக்கு முதல் நாள் இல்லை கண்ணு. பால் பொங்கி வழிஞ்ச நாளுக்கு மறுநாள். நீ காரைத்தான் சொல்லியிருப்பேன்னு அந்த மனுஷனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் ரெண்டையும் குறைச்சிருக்கார். நான் அங்கயே சீட்டு மேல உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் கிளிப்பை உனக்கு அனுப்பலாம்னு எடுத்தேன், காணோம்னு தேடுவாரேன்னு பழையபடி மடிச்சு வச்சுட்டேன். சாயங்காலம் வந்தார், சோறு போட்டேன், அவரும் ஒண்ணும் சொல்லலை, நானும் ஒண்ணும் கேக்கலை. நீயும் கேக்காதே.

நீ அங்க புது வண்டிங்களையெல்லாம் வேகமா ஓட்டிச் சோதனை பண்றவ, பெல்ட்டைப் போட்டுக்கோ, வெறும் வயித்தோட வண்டியில ஏறாதே. உன்னைக் கண்ணுக்குத் தெரியாம காக்கறவர் ஒருத்தர் இருக்கார், இருந்தாலும் அவருக்கும் அதிக வேலை வைக்காதே. நோய் நொடி இல்லாம நீண்ட ஆயுசோட, நினைச்சதெல்லாம் கைகூடி நீ நல்லா இருக்கணும்னு தினமும் உன் பேரைச் சொல்லித்தான் விளக்கேத்தறேன். இந்தக் கடிதத்தைப் படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த உன் சித்தி

மறந்துட்டேனே. ஆறு மாசத்துல மறுபடி பந்தயமாம், வேகத்துக்கு இன்னும் என்ன பண்ணலாம்னு உன்கிட்ட கேக்கச் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால அந்த சிகரெட்டு மட்டும் இன்னும் விடலை. அதனால புகையை நிறுத்தினாத்தான் வேகம் கூடும்னு சேதி சொல்லிவிடு. யாரோட புகைன்னு சொல்லாதே, மீதியை நான் பார்த்துக்கறேன்.