ஆழம் பார்க்கும் கருவிக்கு ஒரு பேட்டரி

15.8.2004, ஞாயிறு
மறுபடியும் செல் தீர்ந்துவிட்டது. எட்டு பென்சில் செல், எல்லாம் புதுசு. ஏழு மணிக்குப் போட்டேன், எட்டரைக்குத் திரை மங்கி அணைந்தது. ஏரியில் கால்வாசிகூடப் பார்த்து முடிக்கவில்லை.

பரிசல் ஓட்டிய கோவிந்தப்பா சிரித்தார். ஏரி மீன் குத்தகை அவருடையது, பேச்சில் பாதி கன்னடம். "மீன் எல்லி, எங்க இருக்குன்னு நானே சொல்வேனே சந்திரா. அதுக்கு எதுக்கு மிஷின்?"

"மீனுக்கு இல்லண்ணா. குழிக்கு."

சிரிப்பை நிறுத்திவிட்டுத் துடுப்பைப் போட்டார். போன வருஷம் பிள்ளையார் கரைக்கிற அன்று அவரும் கரையில் இருந்தார். கோடையில் ஏரி வற்றியபோது செங்கல் சூளைக்காரர்கள் மண் வெட்டிய குழிகள் தண்ணீருக்கடியில் இருந்தன. தெரியாமல், "இடுப்பளவுதான், தைரியமா இறங்கு" என்று என் மனைவி வீணாவின் தம்பி சீனுவிடம் சொன்னேன். வருஷக்கணக்காக அங்கே தூண்டில் போடுகிறவன் என்ற திமிர். பிள்ளையாரோடு போனவன் மேலே வரவில்லை.

இது மீன் தேட வெளிநாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கருவிதான். தண்ணீரின் ஆழத்தை அடிக்கணக்கில் காட்டும். பழைய சாமான் கடையில் வாங்கினேன். இந்த வருஷம் பிள்ளையார் வருவதற்குள் எல்லாக் குழிகளையும் கண்டுபிடித்துக் கொடி நட வேண்டும்.

18.8.2004
எஸ்.பி. ரோட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டேன். "சார்ஜ் ஏத்துற செல் வாங்கிக்கோங்க சார், ஆயிரம் தடவ ஓடும்." வாங்கிவிட்டேன்.

22.8.2004, ஞாயிறு
ஆயிரம் தடவையாம். ஒரு தடவைகூட ஓடவில்லை. போட்டவுடன் பேட்டரி குறைவு என்று காட்டி அணைந்துவிட்டது. ராத்திரி முழுக்கச் சார்ஜில் இருந்த செல்கள்! பரிசலில் வெட்டியாக உட்கார்ந்திருந்தேன்.

23.8.2004
அடுகோடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் பழனிச்சாமியிடம் காட்டினேன். "சார்ஜ் செல் ஒவ்வொண்ணும் ஒண்ணே கால் வோல்ட்டுதான்பா. எட்டு சேர்த்தாலும் பத்தைத் தாண்டாது. இது பன்னெண்டு கேக்குது." விற்றவனுக்கு இது தெரியாதா? தெரியாமலா கடை நடத்துகிறான்?

கார்மென்ட் ஃபேக்டரியில் நாற்பது தையல் மெஷினைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் நான். ஒரு பேட்டரி தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

29.8.2004, ஞாயிறு
பைக் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வோல்ட், சரியாக ஓடியது. இரண்டு குழி கிடைத்தது, ஒன்று பதினோரு அடி, ஒன்று ஒன்பது. அப்புறம் பரிசல் சுழன்றதில் பேட்டரி சாய்ந்து ஆசிட் என் மடியில். பாதியில் திரும்பினோம்.

30.8.2004
பேன்ட்டைத் துவைக்கும்போது வீணா ஓட்டைகளைப் பார்த்துவிட்டாள். ஓவர்டைம் என்றுதான் சொல்லிவைத்திருந்தேன்.

"ஏரிக்குத்தான் போறீங்களா?"

ஆமா என்றேன்.

"அந்தத் தண்ணில உங்களுக்கு இன்னும் என்ன இருக்கு?"

சொல்லியிருக்கலாம். என்னத்தச் சொல்றது, உன் தம்பிய இறங்கச் சொன்னவன் இப்பக் குழி தேடுறேன்னா?

5.9.2004, ஞாயிறு
யுபிஎஸ்ஸில் வருகிற மூடிய பேட்டரி, சாய்ந்தாலும் ஒழுகாது என்றார்கள். ஃபேக்டரி ஆஃபீஸில் கழித்துப்போட்ட ஒன்று கிடைத்தது. மீட்டரில் பன்னிரண்டரை காட்டியது. ஏரியில் பத்து நிமிஷம்தான் ஓடியது. பிள்ளையார் கரைக்க இன்னும் இரண்டே ஞாயிறு. பேட்டரியைத் தண்ணீரில் வீசப் போனேன், கோவிந்தப்பா கையைப் பிடித்தார். "பிடப்பா, விட்டுடு. நாம மீன் புடிச்சுத் திங்கிற தண்ணி."

6.9.2004
பழனிச்சாமி திட்டினார். "சும்மா வச்சுப் பாத்தா செத்த பேட்டரிகூட வோல்ட் காட்டும். வேலை குடுத்துப் பாக்கணும்." அதே மாதிரி புதுசு ஒன்றை எடுத்து, ஒரு கார் பல்பை அரைமணி நேரம் எரியவிட்டு அளந்து காட்டினார். வோல்ட் அசையவில்லை. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார்.

12.9.2004, ஞாயிறு
பழனிச்சாமி கொடுத்த புது பேட்டரியில் காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை ஓடியது. ஒருமுறைகூட மங்கவில்லை. மொத்தம் ஐந்து குழி. ஐந்தையும் சுற்றி மூங்கில் நட்டு, ஃபேக்டரியின் சிவப்புத் துணித் துண்டுகளைக் கட்டினோம். சீனு போன இடம் பதினான்கு அடி. எண் மாறுமா என்று மூன்று தடவை அதன் மேலேயே போனேன். மாறவில்லை.

19.9.2004, ஞாயிறு
இன்று கரைத்தார்கள். சில பையன்கள் கொடியைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார்கள், ஒருவன் ஒரு மூங்கிலைப் பிடுங்கிவிட்டான். சண்டை போட்டுத் திரும்ப நட்டேன். இருட்டும்வரை நின்றேன். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

20.9.2004
கோவிந்தப்பா வீட்டம்மா மார்க்கெட்டில் வீணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நான் வேலையிலிருந்து வந்ததும் கேட்டாள்.

"அங்க எவ்ளோ ஆழம்?"

"பதினாலு அடி."

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அப்புறம், "அன்னிக்கு அவன் வரமாட்டேன்னுதான் சொன்னான். காய்ச்சலா இருக்குன்னான். நான்தான் சாக்கு சொல்லாத, மாமாகூடப் போடான்னு துரத்திவிட்டேன்" என்றாள்.

ஒரு வருஷமாக இதை என்னிடம் சொன்னதில்லை. உன் தப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை என்னிடம் யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அதனால் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.