மிச்சம் மூன்று வோல்ட்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதுவும் எனக்கு மட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டினதே நான்தான் என்பது போல. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததைச் சரிபண்ணிவிட்டேன். நீ அனுப்பின கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் நீ கூப்பிட்டுப் பரீட்சை என்னப்பா ஆச்சு என்று கேட்டாய், நான் பாஸ் என்றேன். அது பொய் பாப்பா. தேறாமல் போனதோடு நின்றிருந்தால் யானைக்கும் அடி சறுக்கும் என்று நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். நான் செய்தது அதைவிடக் கேவலம். எங்கள் மோட்டார் பட்டறையில் சோதனை மேசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு முன்னால் பதினான்கு பேர் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் காயிலக்கா. மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுகிற மேசையிலேயே பதினொரு வருஷம் குனிந்து கிடந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், ஆனாலும் எல்லோருக்கும் அக்காதான். இந்தப் பரீட்சையில் தேறினால் சோதனை மேசைக்கு மாறலாம் என்று மூன்று மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் படித்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பேட்டரி, வரிசையாக மூன்று ரெசிஸ்டர், ஒரு மீட்டர், எல்லாம் படம்தான். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் எத்தனை வோல்ட் இறங்குகிறது என்று அளந்து தாளில் எழுதவேண்டும், மூன்றையும் கூட்டினால் பேட்டரியின் வோல்ட் வரவேண்டும், அவ்வளவுதான் கேள்வி. என் பேட்டரி ஒன்பது வோல்ட். எனக்கு ஒன்பது, ஏழரை, நாலரை என்று வந்தது, கூட்டினால் இருபத்தொன்று. முப்பத்திரண்டு வருஷமாகச் சோதனை மேசையில் நின்று மீட்டரின் கறுப்பு ஒயரை ஓரிடத்தில் மாட்டிவிட்டுச் சிவப்பை மட்டும் கொண்டுபோய் இங்கே தொட்டு அங்கே தொட்டுப் பார்த்த கை இது. அங்கேயும் கறுப்பைப் பேட்டரி அடியிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இரண்டு ஒயரையும் சேர்த்து நகர்த்தவேண்டும் என்பது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை. பக்கத்தில் அக்காவின் தாளை எட்டிப் பார்த்தேன். இரண்டு, நாலு, ஆறு என்று இருந்தது, அப்படியே எழுதிவிட்டேன். ஆளுக்கொரு பேட்டரி கொடுத்திருப்பார்கள் என்று யார் கண்டது, அக்காவுடையது பன்னிரண்டு வோல்ட்.

பரீட்சை நடத்த வந்த அதிகாரி என் தாளைப் பார்த்துவிட்டு, "பேட்டரி ஒம்போதுதான், நீங்க எழுதினதைக் கூட்டினா பன்னெண்டு வருது. மிச்சம் மூணு வோல்ட் எங்கேருந்து வந்துச்சு மாஸ்டர்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு அறிவு கெட்டுப்போனது. "நான் கேக்கலை சார், அந்தம்மாதான் தானா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் பாப்பா, அதுவும் இன்னொருத்தர் தட்டில். எழுதினவருக்கும் சான்றிதழ் இல்லை, சொல்லிக்கொடுத்தவருக்கும் இல்லை என்று அதிகாரி இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார், எழுந்துபோய்த் தன் மேசையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து காயில் சுற்ற ஆரம்பித்தார். மறுநாளும் எப்போதும் போலக் கம்பி தீர்ந்துபோச்சு மாஸ்டர் என்றுதான் வந்து நின்றார். சண்டை போட்டிருந்தால் எனக்கு ஒருவேளை சோறு இறங்கியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள், அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால்தான் திரும்ப எடுத்துக்கணும் என்று மட்டும் சொன்னாள். நேற்று அதிகாரி மறுபடி வந்தார். பதினான்கு பேரும் இருக்கும்போது எழுந்து நின்று, அக்கா எதுவும் சொல்லவில்லை, நானே பார்த்துத்தான் எழுதினேன், சொன்னது பொய் என்று சொன்னேன். அதிகாரி அக்காவின் தாளை எடுத்து அங்கேயே தேர்ச்சி போட்டார். நாளையிலிருந்து சோதனை மேசை அவருக்கு, நான் அடுத்த பரீட்சை வரைக்கும் காயில் சுற்றவேண்டும், நியாயம்தான். சாயங்காலம் அவரைத் தனியாகப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், அன்றைக்கே ஏன் மறுத்துப் பேசவில்லை என்றும் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே, "மாஸ்டர் பொய் சொல்றாருன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க? எனக்கே நம்ப முடியலையே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தை மறைக்கவேண்டாம், அவரும் படிக்கட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல் நன்றாக இருக்கவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. எங்கப்பா இந்த வயசில் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டார் என்று சொல்லி உன் ஆபீஸில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாயாம், அம்மா இன்றைக்குத்தான் சொன்னாள். வாங்கிச் சாப்பிட்ட ஒவ்வொருவரிடமும் அப்பா தேறவில்லை என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா